செங்கோட்டை முகூர்த்தம்

அந்த வருஷம் தை பிறந்ததிலிருந்தே தென்காசியில் மேளக்காரர்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. ஒரு வீட்டில் கெட்டிமேளம் கொட்டிவிட்டு, வியர்வையைத் துடைத்தபடி அடுத்த தெருவுக்கு ஓடினார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதாம் வருஷம் அது. ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பதினாலு வயது நிரம்பாத பெண்ணைக் கட்டிக்கொடுத்தால் குற்றம் என்று சர்க்கார் சட்டம் போட்டிருந்தது. தேதி வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று பெண்ணைப் பெற்றவர்கள் பறந்தார்கள். தூளியில் கிடந்த பிள்ளைக்குத் தாலி கட்டியதாகக்கூட ஒரு பேச்சு உலவியது. போலீஸ்காரன் வீடுவீடாக வந்து, ஆட்டுக்குப் பார்ப்பதுபோலப் பெண்பிள்ளைகளின் பல்லைப் பார்த்து வயது எழுதிக்கொள்வான் என்று இன்னொரு பேச்சு.

வடிவம்மாளின் மகள் உலகம்மாளுக்கு அப்போது பதினொரு வயது. ஐந்தாம் வகுப்பு படித்தாள். நடக்கத் தெரியாது, ஓடத்தான் தெரியும்.

மாசிக் கடைசியில் ஒருநாள் இலஞ்சியிலிருந்து பார்வதியம்மாள் வில்வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். வடிவம்மாளின் புருஷன் குத்தாலிங்கம் பிள்ளைக்கு அவள் மூத்த அக்காள். புருஷனை இழந்து, ஒரே மகன் நல்லதம்பியைத் தனியாக வளர்த்து ஆளாக்கியவள்.

"தம்பி, சட்டம் வந்துட்டா நம்ம கையில ஒண்ணும் இல்ல பாத்துக்க," என்றாள். "உலகு பொறந்த அன்னைக்கே என் மகனுக்குன்னு பேசி வச்சது. பதினாலு வயசு வரைக்கும் பிள்ளைய வீட்டுல வச்சிருந்தா நாளைக்கு எவன் கேப்பான்? பங்குனி பொறந்ததும் மொத முகூர்த்தத்துல முடிச்சுருவோம்."

குத்தாலிங்கம் பிள்ளை கெட்டவர் இல்லை. சிற்றாற்றங்கரையில் வயல் உண்டு. மகள் மேல் உயிரையே வைத்திருந்தார். ஆனால் அக்காள் சொல்லை அவர் தட்டியதில்லை. "சரிக்கா," என்றார். அடுக்களையில் நின்ற வடிவம்மாளை யாரும் கேட்கவில்லை.

அவளுக்குக் கல்யாணம் நடந்தபோது ஒன்பது வயது. பதின்மூன்றில் முதல் பிரசவம். பிள்ளை தக்கவில்லை. அவள் பிழைத்தாள், ஆனால் இடுப்பு விட்டுப்போயிற்று. இடது காலை லேசாக இழுத்துத்தான் நடப்பாள். அடுத்த பிள்ளையும் போய், அதற்கப்புறம் பிறந்தவள்தான் உலகு. அந்த முதல் பிரசவத்தைப் பற்றி அவள் யாரிடமும் வாய் திறந்ததில்லை. இப்போது உலகு முற்றத்தில் பாண்டி ஆடக் கோடு கிழிக்கும்போதெல்லாம் அந்தச் சின்ன இடுப்பின் மேலேயே அவள் கண் போய் நின்றது.

"அவ சின்னப் பிள்ளல்லா. ஒரு ரெண்டு வருஷம் போகட்டுமே," என்று புருஷனுக்குச் சோறு போட்டுக்கொண்டே சொல்லிப் பார்த்தாள்.

"தாலிதானே கட்டுதோம். பெரியவளான பெறகுதானே அனுப்பப் போறோம். நீயும் அப்படித்தான வந்த?"

"அதான் சொல்லுதேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். என்னவோ கேட்க நினைத்தவர் போலிருந்தது. பிறகு ரசத்தை ஊற்றச் சொன்னார்.

முகூர்த்தம் நெருங்க நெருங்க வடிவம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் தெருவில் அம்மை போட ஆரம்பித்தது. எதிர்வீட்டு வாசலில் வேப்பிலை தொங்கியது. அன்று மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த உலகு வெயிலில் சிவந்து, கழுத்தெல்லாம் வேர்க்குருவோடு நின்றாள். நெற்றியைத் தொட்டால் லேசாகச் சுட்டது. வடிவம்மாள் ஒரு நிமிஷம் அந்தக் கழுத்தையே பார்த்தாள். பிறகு கொல்லைக்குப் போய் வேப்பங்கொத்தை ஒடித்துவந்து வாசலில் செருகினாள்.

"அம்மன் எறங்கியிருக்கா," என்று புருஷனிடம் சொன்னபோது அவள் குரல் நடுங்கியது. அது பயத்தால்தான் என்று அவர் எடுத்துக்கொண்டார். அம்மை போட்ட வீட்டில் கல்யாணப் பேச்சு கூடாது. பார்வதியம்மாளுக்கு ஆள் போயிற்று. குத்தாலிங்கம் பிள்ளை வயற்காட்டுக் கொட்டகைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டார்.

உள்ளறையில் வேப்பிலைப் படுக்கையில் உலகு உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கு ஒண்ணும் செய்யலையேம்மா."

"சத்தங் காட்டாத. கேட்டா மேலெல்லாம் எரியுதுன்னு சொல்லு. யாரு எட்டிப் பாத்தாலும் போத்திப் படுத்துக்க."

"பொய் சொன்னா அம்மன் நெசமாவே வந்துருவாளாம்மா?"

வடிவம்மாள் போர்வையை இழுத்து மகளின் தோள்வரை மூடினாள். விடிந்ததும் மகளை ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்து, முதுகையும் வயிற்றையும் காதுக்குப் பின்னாலும் தடவித் தடவிப் பார்த்தாள். கொசு கடித்த தடிப்பைக் கண்டுகூட உடம்பு விறைத்தது. முப்பிடாதி அம்மன் கோயில் இருந்த திசையைப் பார்த்துக் கையெடுத்தாள். 'வரணும்னா எம்மேல வா தாயே. பிள்ளையத் தொட்டுராத.' எதிர்வீட்டில் அம்மை கண்ட பையன் இறந்துபோன அன்று அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. தன் பொய்க்கு அம்மன் வாங்கிய பலியோ அது என்று ஓர் எண்ணம் உள்ளே புகுந்துகொண்டு போகமாட்டேன் என்றது.

அம்மன் வரவில்லை. முகூர்த்தம் தாண்டியது, ஏப்ரல் பிறந்தது. வடிவம்மாள் மகளின் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, வேப்பிலையைக் கொண்டுபோய் ஆற்றில் விட்டாள். உலகு பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். வகுப்பில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தவர்களில் பலபேர் வரவில்லை. தை மாசியில் தாலி ஏறியவர்கள் அவர்கள்.

சித்திரை முழுக்க வடிவம்மாள் நன்றாகத் தூங்கினாள். வைகாசியில் பார்வதியம்மாள் மறுபடியும் வந்தாள். முகத்தில் கோபம் இல்லை. அதைப் பார்த்ததுமே வடிவம்மாளுக்குத் திக்கென்றது.

"இதுல என்ன இருக்கு தம்பி? செங்கோட்டையில வச்சுக் கட்டிருவோம். அங்கன மகாராஜா ராஜ்யம். வெள்ளக்காரன் சட்டம் சுங்கச் சாவடி தாண்டிச் செல்லாது. எங்க வீட்டுக்காரர் வழியில ஒறவுக்காரங்க வீடு இருக்கு. கடையநல்லூர்ல இருந்தெல்லாம் வந்து கட்டிட்டுப் போறாங்க. ஆனியில நல்ல முகூர்த்தம் இருக்கு."

"அதுவும் சரிதான்," என்றார் பிள்ளை.

மறுநாள் மகளைக் கொண்டுவிடுகிற சாக்கில் வடிவம்மாள் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். ஜெபமலர் டீச்சர் வேப்பமரத்தடியில் சிலேட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகாதவள், முப்பதை நெருங்கியவள். சட்டத்தைப் பற்றி முதலில் வடிவம்மாளுக்கு விளக்கிச் சொன்னவள் அவள்தான்.

"செங்கோட்டையில அது செல்லாதாமே, நெசமா டீச்சரம்மா?"

ஜெபமலர் சிலேட்டைக் கீழே வைத்தாள். "நெசந்தாம்மா. அது திருவிதாங்கூர்."

"அங்கன ஆளுறது ஒரு ராணிதான்னு சொன்னாங்களே?"

"ஆமா. மகாராஜாவுக்கு இன்னும் வயசு ஆகல, ராணிதான் ஆளுதாங்க."

"இங்கனயே நடந்தா போலீசு வந்து நிறுத்துமா?"

"நிறுத்த வழி இல்லம்மா. நடந்து முடிஞ்ச பெறகு யாராவது கோர்ட்டுல போய்ச் சொன்னா விசாரிப்பாங்க, அபராதம் போடுவாங்க. கட்டுன தாலி கட்டுனதுதான். அது செல்லாதுன்னு சட்டம் சொல்லல."

"அப்பம் எதுக்கு அந்தச் சட்டம்?"

ஜெபமலர் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "நான் உங்க வீட்டுக்கு வந்து பேசிருப்பேம்மா. ஆனா வீட்டு விஷயத்துல தலையிடக் கூடாதுன்னு எனக்கு மேலிடத்து உத்தரவு. தலையிட்டா பெத்தவங்க பிள்ளைகள நிறுத்திருவாங்க. இருக்கிற நாலு பிள்ளையும் போயிரும். அந்தப் பையன் படிச்சவன்தான? அவன் வேண்டாம்னு சொன்னா யாரும் ஒண்ணும் செய்ய முடியாது. அவங்கிட்டப் பேசிப் பாருங்க."

நல்லதம்பி திருநெல்வேலியில் இண்டர்மீடியட் வரை படித்துவிட்டு வந்தவன். மென்மையானவன். உலகுவுக்குப் படம் போட்ட புத்தகம் வாங்கிவந்து தருவான். அவனை நினைத்து வடிவம்மாள் கொஞ்சம் தைரியம் கொண்டாள். ஆனால் மாப்பிள்ளையாகப் போகிறவனோடு தனியாக நின்று பேச எங்கே வாய்க்கும்?

குற்றாலத்தில் வாய்த்தது. ஆனி பிறந்து சாரல் விழுந்துவிட்டது. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் இரண்டு வீட்டாரும் குற்றாலத்தில் ஒரு சத்திரத்தில் தங்கி, அருவியில் குளித்துவிட்டு, விடிகாலையில் செங்கோட்டைக்குப் போவதாக ஏற்பாடு. சொந்தக்காரப் பெண்கள் அருவிச் சத்தத்தில் ஒருவரையொருவர் கூப்பிட்டபடி தண்ணீரில் நின்றார்கள். உலகு, தனக்கு என்ன நடக்கப் போகிறது என்று தெரிந்தும் தெரியாமலும், தண்ணீர் முதுகில் அறைவதற்குச் சிரித்துக்கொண்டிருந்தாள். வடிவம்மாள் ஈரச் சேலையோடு கோயில் பக்கம் நடந்தாள். பலாச்சுளை விற்கிற இடத்தில் நல்லதம்பி குடையோடு தனியாக நின்றான்.

"தம்பி, ஒரு வார்த்த."

அவன் திடுக்கிட்டுச் சுற்றிலும் பார்த்தான். "என்ன அத்த?"

"நீங்க படிச்சவுக. அவளப் பாத்தா உங்களுக்குக் கட்டிக்கிற பிள்ள மாதிரியா தெரியுது?"

அவன் குடைக் கம்பியைத் திருகினான். "எனக்கும் சங்கடமாத்தான் இருக்கு. தங்கச்சி மாதிரி ஓடி வந்து கையப் பிடிக்கா."

"அப்பம் வேண்டாம்னு சொல்லிருங்க. நான் சொன்னா எடுபடாது. நீங்க சொன்னா எடுபடும். ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"அம்மா தாங்க மாட்டா அத்த. அழுது சாப்பிடாமக் கெடப்பா."

"ரெண்டு நாளு கெடப்பாக. அப்புறம் சாப்பிடுவாக. நான் பதிமூணு வயசுல செத்துப் பொழைச்சவ தம்பி." ஆண்பிள்ளையிடம் எதைச் சொல்வது? காலைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி வைத்தாள். அவன் அந்தக் காலைப் பார்த்தான். முகம் வெளுத்தது.

"காலையில சொல்லிருதேன். கெளம்புறதுக்கு முன்னாடி மாமாகிட்டச் சொல்லிருதேன்."

காலையில் வண்டிகள் பூட்டினார்கள். நல்லதம்பி பட்டுக்கரை வேட்டியோடு வந்து முன்வண்டியில் ஏறினான். வடிவம்மாள் அவன் முகத்தையே பார்த்தாள். அவன் மாட்டின் கொம்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். வண்டி நகர்ந்தபோதும் அவள் நம்பிக்கை விடவில்லை. எல்லையில் சொல்வான் என்று நினைத்தாள். சுங்கச் சாவடியில் வண்டிகளை நிறுத்தினார்கள். சிப்பந்தி ஒருவன் புகையிலை இருக்கிறதா என்று வெற்றிலைக் கூடையைக் கிளறினான், ஜவுளி மூட்டையை அவிழ்த்தான், வைக்கோலுக்குள் கைவிட்டுப் பார்த்தான். பட்டுச் சேலைக்குள் புதைந்து உட்கார்ந்திருந்த உலகுவை அவன் ஏறிட்டும் பார்க்கவில்லை. போகலாம் என்று மலையாளத்தில், "போகாம்," என்று கையைக் காட்டினான். வண்டி உருண்டது. நல்லதம்பி வாய் திறக்கவில்லை.

செங்கோட்டையில் உறவுக்காரர் வீட்டு முற்றத்தில் சின்னதாகப் பந்தல் போட்டிருந்தார்கள். மேளம் ஒன்றுதான். சட்டத்துக்குப் பயந்து வந்த கல்யாணம் என்பதால் எல்லாரிடமும் ஓர் அவசரம் இருந்தது. உலகுவின் கழுத்தில் போட்ட மாலை முழங்காலுக்குக் கீழே தொங்கியது. எழுந்து நடக்கும்போது அதை மிதித்துத் தடுமாறினாள். யாரோ சிரித்தார்கள்.

வடிவம்மாளின் காதில் மேளச் சத்தம் தூரத்தில் கேட்பதுபோலக் கேட்டது. ஓடலாமா என்று யோசித்தாள். இந்தக் காலை வைத்துக்கொண்டு, பிள்ளையை இழுத்துக்கொண்டு எங்கே ஓடுவது? கத்தலாமா? பேய் பிடித்திருக்கிறது என்று உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துவார்கள்.

"பொண்ணோட தாயார் வாங்கோ," என்றார் ஐயர். "தாரை வார்க்கணும்."

குத்தாலிங்கம் பிள்ளை மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் கைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐயர் நீர் நிறைந்த செம்பை வடிவம்மாளின் கையில் கொடுத்தார். மந்திரம் சொல்லி முடிக்கும்போது அவள் ஊற்ற வேண்டும். அந்த நீர் விழுந்தால் மகள் அடுத்த வீட்டுக்குச் சொந்தம்.

மந்திரம் முடிந்தது. "ஊத்துங்கோ."

செம்பு அசையவில்லை.

"ஊத்துங்கோம்மா, முகூர்த்தம் போயிண்டிருக்கு."

"ஊத்த மாட்டேன்," என்றாள் வடிவம்மாள். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் மேளக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டார்.

"என்ன சொல்லுத?" என்றார் பிள்ளை, புரியாதவராக.

"நான் பெத்தவ. நான் குடுக்க மாட்டேன்னு சொல்லுதேன். அவளுக்குப் பதினாலு ஆகட்டும்."

பார்வதியம்மாள் பாய்ந்து வந்தாள். "ஏட்டி, கூறு இருக்கா ஒனக்கு? மணவறையில வந்தா பேசுத? தம்பி, கையப் பிடிச்சு ஊத்த வையி!"

பிள்ளை எழுந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார். அவள் செம்பை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். நீர் அவள் சேலையிலேயே சிந்தியது. இழுபறியில் அவர் கண்கள் அவள் கண்களைச் சந்தித்தன. கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரை அப்படி நேருக்கு நேர் பார்த்ததில்லை. அவர் பிடி தளர்ந்தது.

"வேற யாராவது தம்பதி தானம் பண்ணலாம்," என்றார் ஐயர் தயங்கித் தயங்கி. எல்லாரும் அந்த வீட்டுக்கு உடைய உறவுக்காரரைப் பார்த்தார்கள். அவர் தன் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் தூணோரம் நின்றாள். வடிவம்மாளுக்கு அவளை முன்பின் தெரியாது.

"பெத்தவ வயிறெரிய நான் தார வாத்தா எங் குடும்பத்துக்கு ஆகாது," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். இரக்கத்தால் சொன்னாளோ, சாபத்துக்குப் பயந்து சொன்னாளோ, வடிவம்மாளுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

உலகு மணையில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள். நல்லதம்பி குனிந்த தலை நிமிரவில்லை. முகூர்த்த நேரம் கழிந்தது. ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். இலை போட்ட பந்தியில் யாரும் உட்காரவில்லை.

அதற்குப் பிறகு குத்தாலிங்கம் பிள்ளை அவளோடு பேசவில்லை. ஒரே ஒரு தடவை, சுவரைப் பார்த்துச் சொன்னார்: "நீ ஆய்க்குடிக்கு ஒங்க அப்பா வீட்டுக்குப் போ. பிள்ள இங்கன இருக்கட்டும்."

"நான் போவ மாட்டேன்."

போனால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். தண்ணீர் எடுக்கப் போனால் உலகுவையும் கூட்டிப்போனாள். கோயிலுக்குப் போனாலும் கூட்டிப்போனாள். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் உச்சியிலிருந்து பிளந்துபோய் நிற்கிற பெரிய கோயில் கோபுரத்தடியில் காத்து நின்றாள். மகள் வரச் சற்றுத் தாமதமானால் பள்ளிக்கூட வாசல்வரை போய்ப் பார்ப்பாள். தெருப் பெண்கள் அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். ஒருத்தி மட்டும், ஆறு வயதில் மகளைக் கட்டிக்கொடுத்தவள், கிணற்றடியில் அவள் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாள்.

ஆனி முடிவதற்குள் இன்னொரு செய்தி வந்தது. நல்லதம்பிக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது. அதே செங்கோட்டையில், வேறொரு வீட்டில். பெண்ணுக்குப் பத்து வயது. வடிவம்மாள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு உள்ளே போய் அரிசி களைந்தாள். களைந்த அரிசியையே மறுபடி மறுபடி களைந்துகொண்டிருந்தாள்.

ஆவணியில் இலஞ்சி முருகன் கோயிலில் அவள் அந்தப் பெண்ணைப் பார்த்தாள். பார்வதியம்மாள் சந்நிதியில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள். பெண் பிராகாரத்தில் தனியாக, நழுவுகிற சேலைக் கொசுவத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றது. உலகுவைவிடத் தலை உயரம் குறைவு.

"ஒம் பேரு என்ன தாயி?"

"முருகம்மா."

"பள்ளிக்கூடம் போயிருக்கியா?"

"ரெண்டாப்பு." பெண் அவளை மேலும் கீழும் பார்த்தது. பார்வை அவள் காலில் நின்றது. "நீங்கதான் ஊத்த மாட்டேன்னு சொன்ன அத்தையா?"

"யாரு சொன்னா?"

"எங்கம்மா. எனக்குத் தண்ணி ஊத்தும்போது எங்கம்மா கை நடுங்கிச்சு. சேலையெல்லாம் நனைஞ்சுபோச்சு. அப்புறமா சொன்னா."

"ஏ முருகம்மா!" என்று பார்வதியம்மாளின் குரல் வந்தது. பெண் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடியது. வடிவம்மாள் கொடிமரத்தடியில் உட்கார்ந்தாள். தன் பிள்ளையைக் காத்ததற்குச் சாமிக்கு நன்றி சொல்லத்தான் வந்திருந்தாள். கை கூப்பினாள். வார்த்தை வரவில்லை.

அடுத்த வாரம் ஒருநாள் காலை, உலகு பள்ளிக்கூடம் போனதும், குத்தாலிங்கம் பிள்ளை வெளுத்த வேட்டி கட்டி, மகளின் ஜாதகத்தை மடியில் செருகிக்கொண்டு, குடையை எடுத்தார். வெகுநாளைக்குப் பிறகு அவளைப் பார்த்துப் பேசினார்.

"செங்கோட்ட வரைக்கும் போயிட்டு வாறேன். ரயிலுக்கு நேரமாச்சு."

"எதுக்கு?"

அவர் செருப்பைத் தேடினார். வடிவம்மாள் அடுப்பில் இருந்த உலையை இறக்கி வைத்தாள். எரிந்துகொண்டிருந்த விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்தாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"நானும் வாறேன்," என்றாள்.

அவர் நின்றார். வேண்டாம் என்று சொல்ல வாய் எடுத்து, சொல்லாமல் தெருவில் இறங்கி நடந்தார். அவள் காலை இழுத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தாள்.